மூன்று விவரம், ஒரே ஆள்

1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சம்பவம். அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம், அவர்கள் மருத்துவமனைக்குப் போய்வந்த விவரங்களை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். யாருடைய அந்தரங்கமும் வெளியே போகாது என்று அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, அந்தக் கோப்பில் ஆளுநரையே தேடினார்.

ஆளுநர் கேம்பிரிட்ஜ் நகரில் வசிப்பது ஊரறிந்த செய்தி. அந்த நகரின் வாக்காளர் பட்டியலை ஸ்வீனி 20 டாலருக்கு வாங்கினார். அதில் பெயர், முகவரி, பின்கோடு, பிறந்த தேதி, பாலினம் எல்லாம் இருந்தன. ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அந்த மூவரில் ஆளுநரின் பின்கோட்டில் வசித்தவர் ஒரே ஒருவர், அவர்தான். பெயர் நீக்கப்பட்ட காப்பீட்டுக் கோப்பிலும் இந்த மூன்று விவரங்கள் அப்படியே இருந்ததால், ஆளுநரின் மருத்துவக் குறிப்பு ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டது.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. யாருடைய கடவுச்சொல்லும் திருடுபோகவில்லை. தனித்தனியே பார்த்தால் தீங்கில்லாத இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பின்கோடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுச் சொன்னார்.

இணையத்தில் தனியுரிமை என்றதும் நமக்கு ஹேக்கரும் வைரஸும்தான் நினைவுக்கு வருகின்றன. “மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நம் அந்தரங்கம் பறிபோவது பெரிய ரகசியம் எதுவும் திருடப்பட்டதால் அல்ல; நாமே ஆங்காங்கே கொடுத்துவைத்த சின்னச் சின்ன விவரங்கள் ஒன்றோடொன்று சேர்வதால்தான். எனவே நாம் பழகிக்கொள்ள வேண்டிய வழக்கங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: விவரங்களைச் சேரவிடாமல் பார்த்துக்கொள்வது.

நம் ஊர்க் கணக்கு

ஸ்வீனியின் கணக்கை நம் நாட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் 19,000-க்கும் மேற்பட்ட பின்கோடுகள் உள்ளன. மக்கள்தொகை 140 கோடி என்று கொண்டால், ஒரு பின்கோட்டுக்குச் சராசரியாக 73,000 பேர். ஆண்டுக்கு 365 பிறந்தநாள்கள், 80 ஆண்டுகள், இரண்டு பாலினங்கள் என்று பெருக்கினால் 58,400 பிரிவுகள் கிடைக்கும். 73,000 பேரை 58,400 பிரிவுகளில் பங்கிட்டால் ஒரு பிரிவுக்கு ஒன்றேகால் ஆள். நகரத்து இளைஞர்கள் என்றால் ஒரு பிரிவில் நாலைந்து பேர் இருக்கலாம். சிறிய ஊர் என்றால் பல பிரிவுகளில் ஒருவர்தான் இருப்பார். இதோடு படித்த கல்லூரியோ பார்க்கும் வேலையோ சேர்ந்துவிட்டால், பெயரே சொல்லாமல் ஆளைப் பிடித்துவிடலாம்.

பிறந்த தேதியை நாம் எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். ஜவுளிக்கடையின் பரிசுக்கூப்பன், “பிறந்தநாள் சலுகை” தரும் உணவகம், ஃபேஸ்புக்கில் குவியும் வாழ்த்துகள் என்று எங்கும் அது இருக்கிறது. இதே விவரம்தான் பல இடங்களில் சாவியாகவும் பயன்படுகிறது. பதிவிறக்கிய இ-ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பல நிறுவனங்கள் அனுப்பும் கணக்கு விவர அறிக்கைகளும் இதே பாணிதான். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிவிட்டு, “பாஸ்வேர்டு போட்டுத்தானே இருக்கிறது” என்று நிம்மதியாக இருக்கிறோம். நம் பெயரும் வயதும் தெரிந்த எவருக்கும் அது பூட்டாத கோப்பு.

ஆகவே முதல் வழக்கம் இது: சட்டப்படி தேவையில்லாத இடத்தில் உண்மையான பிறந்த தேதியைக் கொடுக்க வேண்டாம். வங்கி, பாஸ்போர்ட், காப்பீடு ஆகியவற்றுக்குச் சரியான தேதி வேண்டும், துணிக்கடைக்கு எதற்கு? சமூக வலைத்தளங்களில் பிறந்த ஆண்டை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மாற்றிவைக்கலாம். ஆதார் நகல் கேட்கும் இடத்தில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் இணையதளத்தில், பதிவிறக்கும்போதே அந்த வசதியைத் தேர்வு செய்யலாம். ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரக்கூடிய 16 இலக்க மெய்நிகர் அடையாள எண்ணும் 2018 முதல் இருக்கிறது. அதை வைத்து நம் ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது; வேண்டும்போது புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளவும் முடியும்.

எல்லாவற்றையும் கோக்கும் எண்

பிறந்த தேதியைவிடவும் ஆபத்தான இணைப்பு கைபேசி எண். ஒரே எண்ணை வருடக்கணக்கில் வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு, ஆதார், வாட்ஸ்அப், யுபிஐ, சமையல் எரிவாயு, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் அதில்தான் வந்து முடிகின்றன. இரண்டு நிறுவனங்களிடம் நம்மைப் பற்றி வெவ்வேறு விவரங்கள் இருந்தால், அவற்றைத் தைத்து ஒன்றாக்கும் நூல் இந்தப் பத்து இலக்கங்கள்தான்.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு கடை தன் வாடிக்கையாளர்களின் எண்களை விளம்பரத் தளம் ஒன்றில் ஏற்றுகிறது. எண்ணை நேராகக் கொடுக்காமல் ‘ஹேஷ்’ என்ற கணித முறையில் மாற்றிக் கொடுப்பார்கள். எந்த எண்ணைப் போட்டாலும் அது குறிப்பிட்ட நீளமுள்ள எழுத்துக் குவியலாக மாறும். குவியலை வைத்துக்கொண்டு எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது. ஆனால் ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குவியல்தான் வரும். விளம்பரத் தளமும் தன்னிடமுள்ள எண்களை அதே முறையில் மாற்றிப் பார்க்கிறது. பொருந்தியவர்கள் யாரென்று தெரிந்துவிடுகிறது. காலையில் கடையில் மிக்ஸி வாங்கினால் மாலையில் கைபேசியில் கிரைண்டர் விளம்பரம் வருவதற்கு இதுவும் ஒரு வழி.

“எண்ணைத்தான் மாற்றிவிட்டோமே, பாதுகாப்புதான்” என்று சொல்வது சரியாகாது. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். அத்தனைக்கும் ஹேஷ் கணக்கிட்டுப் பட்டியல் போட்டுவைக்க ஒரு நல்ல கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். அதன் பிறகு எந்தக் குவியலைக் கொடுத்தாலும் எண்ணைச் சொல்லிவிடலாம்.

பில் போடும்போது “நம்பர் சொல்லுங்க” என்று கேட்டால், “வேண்டாம், பேப்பர் பில்லே போதும்” என்று சொல்லப் பழக வேண்டும். எண் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்கு அறிவுறுத்தியது. தயங்காமல் சொல்லலாம். யுபிஐ முகவரியில் கைபேசி எண் அப்படியே இருந்தால், எண் இல்லாத வேறு முகவரியை உருவாக்கிக்கொள்ளலாம். பல செயலிகள் இதை அனுமதிக்கின்றன. நம் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் இருக்கின்றன என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் நல்லது. மின்னஞ்சலிலும் இதே விதிதான்: வங்கிக்கும் அரசு வேலைகளுக்கும் ஒரு முகவரி, கடைகளுக்கும் செயலிகளுக்கும் வேறொன்று.

இடமும் நேரமும்

ஐரோப்பிய நாடு ஒன்றில் 15 லட்சம் கைபேசி வாடிக்கையாளர்களின் 15 மாத நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்து, இவ்-அலெக்சாந்த்ர் தெ மோந்த்ஜோயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர்கள் இல்லை. இருந்த இடமும் எந்த டவர் என்ற அளவுக்கு, நேரமும் எந்த மணி என்ற அளவுக்குத்தான் தெரியும். அப்படியிருந்தும், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. காரணம் எளிது. இரவு இருக்கும் இடம் வீடு; பகலில் இருக்கும் இடம் வேலை. இந்த இரண்டிலும் ஒருவரோடு ஒத்துப்போகிறவர்கள் ஓர் ஊரிலேயே மிகச் சிலர்தான். வெள்ளிக்கிழமை போகும் கோயிலோ பள்ளிவாசலோ, மாதாமாதம் போகும் மருத்துவமனையோ சேர்ந்தால் மிஞ்சுவது ஒருவர்தான். அத்தோடு அவருடைய மதமும் நோயும்கூடத் தெரிந்துவிடும்.

இடத்தைக் கேட்கும் செயலிகளுக்கெல்லாம் அது தேவைப்படுவதில்லை. விளக்கு எரியவைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு டார்ச்லைட் செயலி, பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2013-இல் நடவடிக்கை எடுத்தது. கைபேசியின் செட்டிங்ஸில் எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்துக்கும் டாக்ஸிக்கும் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுத்தால் போதும். வானிலைச் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும், வீடு தெரிய வேண்டியதில்லை. ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் துல்லியமான இடத்துக்குப் பதில் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பு. அந்தப் பரப்பில் இருக்கும் அத்தனை பேருக்குள் நாமும் ஒருவராகக் கலந்துவிடுகிறோம்.

படங்களிலும் இடம் ஒளிந்திருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் எடுத்த நேரத்துடன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்படுகின்றன. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருந்தால் அது ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடத்தைச் சொல்லும். ஐந்து இலக்கங்கள் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குச் சொல்லும். 2012 டிசம்பரில், போலீஸார் தேடிக்கொண்டிருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாதமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தில் இருந்த இந்த எண்களால்தான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். விற்பனைத் தளத்தில் பழைய சைக்கிளின் படத்தைப் போடுமுன், கேமரா செட்டிங்ஸில் இருப்பிடம் பதிவதை நிறுத்திவிட்டு எடுங்கள்.

உலாவி விட்டுச்செல்லும் தடம்

‘குக்கீ’ என்ற சிறு குறிப்பை 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி உருவாக்கினார். கடைத்தளத்தில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறந்துவிடாமல் இருக்க அது உதவியது. நாளடைவில் ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் இடம்பிடித்து, அந்தத் தளங்களில் எல்லாம் நம்மை ஒரே ஆளாக அடையாளம் காணத் தொடங்கியது. இதுதான் மூன்றாம் தரப்பு குக்கீ. சஃபாரி, ஃபயர்பாக்ஸ் உலாவிகள் இதைத் தாமாகவே தடுக்கின்றன. குரோமில் நாம்தான் செட்டிங்ஸில் போய்த் தடுக்க வேண்டும். தடுத்தாலும் வழக்கமான வேலைகளில் பெரிய குறை எதுவும் தெரியாது.

குக்கீ இல்லாமலும் அடையாளம் காணலாம். 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் நடத்திய சோதனையில், வந்த உலாவிகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் தனித்துத் தெரிந்தன. திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, கணினியில் உள்ள எழுத்துருக்கள் எல்லாம் சேர்ந்துதான் இப்படி வேறுபடுத்தின. பாமினியும் வேறு பல பழைய தமிழ் எழுத்துருக்களும் நிறைந்த டிடிபி கணினி ஒன்று, உலகக் கணினிகளுக்கு நடுவே எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். இதைக் கட்டுப்படுத்த உலாவிகள் இப்போது முயல்கின்றன. நம்மால் முடிந்தது, உலாவியைப் புதுப்பித்து வைத்திருப்பதும், கண்டதையெல்லாம் அதில் நிறுவாமல் இருப்பதும்தான். ‘இன்காக்னிட்டோ’வைப் பற்றியும் தெளிவு வேண்டும். அது நாம் பார்த்த பக்கங்களை அதே கருவியைப் பயன்படுத்தும் மற்றவரிடமிருந்து மறைக்கும். இணையச் சேவை தருபவரிடமிருந்தோ நாம் போகும் தளத்திடமிருந்தோ மறைக்காது.

சொல்லாமலே சோதிப்பது

ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் வைத்திருப்பதும் ஒருவகை இணைப்புதான். ஒரு தளம் கசிந்தால் மற்றவையும் திறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் நீளமான வேறு வேறு கடவுச்சொல் வேண்டும். அத்தனையையும் நினைவில் வைத்திருக்க முடியாது. அதற்குத்தான் கடவுச்சொல் மேலாளர் செயலிகள் இருக்கின்றன. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிட வேண்டும்.

நம் கடவுச்சொல் ஏற்கெனவே கசிந்ததா என்று பார்க்க ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் ஒரு வசதி செய்திருக்கிறார். கடவுச்சொல்லை அந்நியரிடம் சொல்லிச் சோதிப்பது எப்படிச் சரியாகும் என்ற கேள்வி வரும். அதற்கான விடை அழகானது. நம் கணினியிலேயே கடவுச்சொல் 40 எழுத்துள்ள ஹேஷாக மாற்றப்படுகிறது. அதில் முதல் ஐந்து எழுத்துகள் மட்டும் அனுப்பப்படுகின்றன. அந்த ஐந்தில் தொடங்கும், கசிந்த கடவுச்சொற்களின் ஹேஷ்கள் நூற்றுக்கணக்கில் திரும்பி வருகின்றன. நம்முடையது அவற்றில் உண்டா என்று நம் கணினியே பார்த்துக்கொள்கிறது. நாம் தேடியது எதை என்று அங்கே யாருக்கும் தெரியாது. விளம்பரக்காரர்கள் ஆளைப் பிடிக்கப் பயன்படுத்திய அதே ஹேஷ், இங்கே ஆளைக் கூட்டத்தில் கலக்கப் பயன்படுகிறது. ஒருவர் விவரம் குறைந்தது இத்தனை பேருடைய விவரத்தோடு பிரித்தறிய முடியாமல் கலந்திருக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவர், ஆளுநரைக் கண்டுபிடித்த அதே லட்டான்யா ஸ்வீனி.

ஜெராக்ஸ் கடையும் அடுத்தவர் எண்ணும்

நம் ஊர்களில் அதிகம் கவனிக்கப்படாத கசிவு ஒன்று உண்டு. ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி பிரின்ட் எடுக்கிறோம். அந்தக் கோப்புகள் கடைக் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒருவரின் பெயர், தந்தை பெயர், முகம், முகவரி, கணக்கு எண் அத்தனையும் ஒரே இடத்தில். பிரின்ட் வந்ததும், “கோப்பை அழித்துவிடுங்கள் அண்ணா” என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வாட்ஸ்அப்பையே கடைக் கணினியில் திறந்திருந்தால், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அதைத் துண்டித்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முழுக்க மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. ஆனால் அவற்றின் பேக்கப்புக்கு அந்தக் காப்பு தானாக வராது, செட்டிங்ஸில் நாம்தான் போட வேண்டும்.

நம் கவனம் நம்மோடு நின்றுவிடவும் கூடாது. ஒரு செயலிக்குத் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடும்போது நாம் கொடுப்பது நம் விவரத்தை அல்ல. நூற்றுக்கணக்கானவர்களின் எண்களை, அவர்களைக் கேட்காமலே கொடுக்கிறோம். “செல்வி அக்கா அம்பத்தூர்”, “சுகர் டாக்டர்” என்று நாம் பதிந்துவைத்த பெயர்களும் சேர்ந்தே போகின்றன. அப்படியே குழந்தைகளும். பிறந்தநாள் கேக், அதில் வயது, பள்ளிச் சீருடையில் பெயர்ப் பட்டை, பின்னால் தெருப் பலகை என்று ஒரே படத்தில் எத்தனை விவரங்கள்! அந்தக் குழந்தை வளர்ந்து தன் தனியுரிமையைத் தானே தீர்மானிக்கும் முன்பே நாம் தீர்மானித்துவிடுகிறோம். அடுத்தவர் படத்தையும் எண்ணையும் பகிருமுன் ஒரு வார்த்தை கேட்பது நாகரிகம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

தனியாளால் ஆவதும் ஆகாததும்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில விஷயங்கள் நம் கையில் இல்லை. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டிக்காக, ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்கள் திரைப்படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும், விட்டாலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்கள் தோராயமான தேதிகளோடு தெரிந்தால், அவற்றில் இரண்டு தவறாக இருந்தாலும்கூட, 99 சதவீதப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 2008-இல் காட்டினார்கள். வழக்கு வந்தது, 2010-இல் அடுத்த போட்டியையே நிறுவனம் கைவிட்டது. அந்த வாடிக்கையாளர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அவர்களைக் காக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. அதைச் செய்யவைக்க வேண்டியது சட்டம்.

நம்மிடம் சட்டமும் உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒரு நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டும்தான் கேட்க வேண்டும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும், நம் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்று அது சொல்கிறது.

கேட்பவர்கள் இருந்தால்தான் இந்த உரிமை நடைமுறைக்கு வரும். இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள்: கைபேசியில் இருப்பிட அனுமதிப் பட்டியலை ஒருமுறை பாருங்கள், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள், அடுத்த கடையில் எண் கேட்டால் “எதற்கு?” என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் பில் போடுபவர் வியப்பாகப் பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் மேலாளரிடம் சொல்வார். எல்லோரும் கேட்டால், அந்தக் கேள்வியையே கடை பில்லிலிருந்து எடுத்துவிடும். கேட்காத விவரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது; ஏறாத விவரத்தை யாரும் எதனோடும் சேர்க்க முடியாது.